மட் ஹென் ஏரியில் மீன் கிடையாது

எங்கள் ஏரியில் மீன் இருக்கிறதா என்று யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். கேட்பவர் ஷெரீப்பாக இருந்தாலும் பாதிரியாராக இருந்தாலும் அதே பதில்தான். நெடுஞ்சாலையிலிருந்து ஏரிக்குத் திரும்பும் முக்கில் இருபத்தெட்டு வருஷமாகப் புழுவும் ஐஸும் தூண்டில் நரம்பும் விற்கிறவன் இப்படிச் சொல்லலாமா என்று நீங்கள் முறைக்க வேண்டாம். புழு விற்பது என் பிழைப்பு. மீன் இருக்கும் இடத்தைச் சொல்வது என் பிழைப்பு இல்லை.

இந்த ஒழுக்கத்தை எனக்கு மட்டுமல்ல, மட் ஹென் ஏரிக்கு வாடிக்கையாக வருகிற அத்தனை பேருக்கும் ஊட்டி வளர்த்தவள் லவெர்ன் ஹட்சல். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

லவெர்னுக்கு எழுபத்தொரு வயது. ஏரிக்கரை முகாம் திடலில் ஒன்றாம் எண் இடத்தில் அவளுடைய டிரெய்லர், அதாவது வண்டியில் இழுத்துப்போகிற வீடு, நிற்கிறது. கூடாரம் போட வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, கழிவறை கழுவுவது, அணைக்காமல் விட்டுப்போன நெருப்பை அணைப்பது, சத்தம் போடுகிறவனை அதட்டுவது எல்லாம் அவள் வேலை. சம்பளம் கிடையாது. பதிலுக்கு அந்த இடத்தில் இருந்துகொள்ளலாம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் காசு கிடையாது. பதினோரு வருஷமாக அந்த டிரெய்லர் ஓர் அடி நகரவில்லை. டயர்கள் நெவாடா வெயிலில் வெடித்து, அச்சு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. இழுத்தால் இரண்டாகப் பிளந்துவிடும் என்று டூயி ஸ்ட்ராட்டன் படுத்து எட்டிப் பார்த்துச் சொன்னான். டூயி சுரங்கத்தில் மெக்கானிக்காக இருந்தவன், இரும்பு விஷயத்தில் மட்டும் அவன் பொய் சொல்லமாட்டான். அந்த டிரெய்லரை விட்டால் லவெர்னுக்குப் போக்கிடம் இல்லை.

புருஷன்மார் விஷயத்தில் அவள் தாராளமாக வாழ்ந்தவள். முதலில் ரஸ்ஸல், அப்புறம் வென்டல், வென்டலைப் பார்த்த பிறகு ரஸ்ஸலே தேவலை என்று மறுபடியும் ரஸ்ஸல். மூன்று கல்யாணமும் முறிந்துபோனது. தண்ணீர் குடிக்கத் திடலுக்கு வருகிற மூன்று காட்டுக் கழுதைகளுக்கு அவள் ரஸ்ஸல், வென்டல், ரஸ்ஸல் என்றே பெயர் வைத்திருந்தாள். யாராவது கூடாரத்தில் சோளப்பொரியைத் திறந்து வைத்துவிட்டு மலையில் காட்டாடு பார்க்கப் போய்விட்டால் கழுதைகள் புகுந்துவிடும். அப்போது லவெர்ன் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

“ரஸ்ஸல், வெளிய வா! அடுத்தவங்க வீட்டுல தின்னு தின்னுதான் நீ உருப்படாமப் போன!”

எந்த ரஸ்ஸலைத் திட்டுகிறாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வருகிற ஆட்களை அவள் ஒரே பார்வையில் எடைபோட்டுவிடுவாள். ஒரு தடவை லாஸ் வேகாஸிலிருந்து ஒருவன் வீடு மாதிரி வண்டியோடு வந்து, காலையிலிருந்து ஜெனரேட்டரை ஓடவிட்டு, அக்கம்பக்கத்தில் கூடாரம் போட்டவர்களைப் பேசவே விடவில்லை. அவன் லவெர்னிடம் வந்து மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதருகே போனாள்.

“வடக்குக் கரையில ஒரு செத்த மரம் தெரியுதா? அதுக்கு நேரா இறங்கி நில்லுங்க. முழங்கால் ஆழத்துக்குப் போகணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, கண்ணு.”

வடக்குக் கரை முழுக்கச் சேறு. பூட்ஸ் இரண்டும் உள்ளே போய், அவன் சாக்ஸோடு திரும்பி வந்தான். ஜெனரேட்டரும் நின்றது. அவன் சலவைக்கு எங்கே போவது என்று கேட்க, அதற்கும் லவெர்ன் அறுபது மைல் தள்ளி ஓர் ஊரைச் சொன்னாள்.

ஏரிக்கு வருகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. பறவை பார்க்க வருகிறவர்கள் ஒன்று, மீன் பிடிக்க வருகிறவர்கள் இன்னொன்று. பறவைக்காரருக்கு ஒரு கூழைக்கடா கண்ணில் பட்டுவிட்டால் போதும், பத்துப் பேரிடம் சொல்லாமல் சாப்பாடு இறங்காது. கறுப்புடம்பும் வெள்ளை மூக்குமாக மிதக்கிற நாமக்கோழியால்தான் ஏரிக்கே மட் ஹென் என்று பெயர், அதைப் போய் எண்ணி எண்ணி நோட்டில் எழுதுவார்கள். மீன்காரன் அப்படியே நேர்மாறு. கூடை நிறைய மீனை வைத்துக்கொண்டு இழவு வீட்டு முகத்தோடு வண்டியில் ஏறுவான். பிடித்தேன் என்று சொன்னால் அடுத்த வாரம் அவன் இடத்தில் பதினைந்து பேர் நிற்பார்கள் என்ற பயம்தான்.

இதில் மாட்டிக்கொண்டவன் கில்பர்ட் இபாரா. அரசாங்கத்தின் மீன் துறை வருஷத்துக்கு இரண்டு தடவை லாரியில் டிரவுட் மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து ஏரியில் விடும். விட்ட மீனில் எவ்வளவு பிடிபடுகிறது என்று கேட்டு எழுத கில்பர்ட்டை வைத்திருந்தார்கள். ஐம்பது வயது, கூச்சசுபாவி, காதில் பென்சில், கையில் படிவம். யார் பெயரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் எல்லாரையும் தெரியும் என்பதால் பெயரையும் எழுதிவிடுவான்.

அவன் கேட்கிற அழகும் லவெர்ன் சொல்கிற அழகும் நான் பலதடவை பார்த்ததுதான். அவள் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்திருப்பாள். உள்ளே ஏதோ டப் டப்பென்று அடித்துக்கொண்டிருக்கும்.

“லவெர்ன், இன்னைக்கு எத்தனை?”

“சைபர்.”

“உள்ள என்னமோ சத்தம் கேக்குதே?”

“பீர் டின் உருளுது.”

“பெட்டி அசையவே இல்லையே, எப்படி உருளும்?”

“நான் அசையறேன்ல. வயசான பொம்பள உடம்பு அசையறதையெல்லாம் எழுதச் சொல்றாங்களா உங்க ஆபீஸ்ல?”

கில்பர்ட் முகம் சிவந்து, சைபர் என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போவான். டூயியும் சைபர். நானும் சைபர். பாஸ்டர் லின்ட்குவிஸ்ட் மட்டும் பொய் சொல்லக்கூடாதவர், அதனால் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, “சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல கில்பர்ட்” என்பார். அவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதுவும் சைபராகவே படிவத்தில் விழும்.

இனி என் விஷயம். ஆறு வருஷத்துக்கு முந்தி என் மனைவி ரீனோவுக்குப் போனாள், திரும்பி வராத போக்கு. நான் நாலு நாள் கடையைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் லவெர்ன் வந்து கதவைத் தட்டினாள். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஆர்லிஸ், தூண்டில எடுத்துட்டு வா. ஒரு இடம் காட்டறேன். இந்த உலகத்துல உனக்கு மட்டும்தான் காட்டறேன். வெளிய சொன்னே, உன் கடைப் புழுவை உன் வாயிலயே போடுவேன்.”

திடலின் கழிவறைக்குப் பின்னாலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை சிவப்புப் பாறைகளுக்கு நடுவே போகிறது. அரை மைல் நடந்தால் பாறை மறைவில் ஏரி உள்வாங்கிய ஒரு சிறு வளைவு. அடியில் குளிர்ந்த ஊற்று இருக்கிறது. வெயில் காலத்தில் ஏரி முழுக்கக் கொதிக்கும்போது டிரவுட் எல்லாம் அங்கே வந்து ஒதுங்கும். அந்த இடத்தை மீன் துறையின் வலைகூடக் கண்டுபிடித்ததில்லை. புதன்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு வரை அது என் நேரம் என்று அவள் சொன்னாள். நான் உள்ளே இருக்கும்போது பாதையின் வாயிலில் ஒரு பலகை வைப்பாள்: கிலுகிலுப்பைப் பாம்பு நடமாட்டம், உள்ளே போகாதீர்கள். மற்ற நாளில் அந்தப் பலகையைப் பார்த்தால் லவெர்ன் தானே உள்ளே மீன் பிடிக்கிறாள் என்று அர்த்தம், தொந்தரவு பண்ணக்கூடாது. அந்த வருஷம் நான் பிழைத்துக் கிடந்தது அந்தப் புதன்கிழமைகளால்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்படி நாங்கள் சந்தோஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது, போன செப்டம்பரில் கழிவறைக் கதவு ஆணியில் ஒரு அறிவிப்பு மாட்டப்பட்டது. மட் ஹென் ஏரியில் விடப்படும் டிரவுட் பிழைப்பதில்லை என்று பதினோரு வருஷப் படிவங்களிலிருந்து தெரிகிறது. ஆகவே இனி மீன் விடுவதில்லை. மீன் இல்லாத ஏரிக்குக் கூட்டமும் வராது என்பதால் முகாம் திடல் மூடப்படும். பகலில் வந்து பறவை பார்த்துவிட்டுப் போகலாம், இரவு தங்க யாருக்கும் அனுமதி இல்லை. ஆட்சேபம் இருந்தால் வியாழக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் சொல்லலாம்.

யாருக்கும் அனுமதி இல்லை என்றால் ஒன்றாம் எண் இடத்துக்கும் இல்லை. லவெர்ன் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அதை மூன்று தடவை படித்தாள். பிறகு கழிவறையைக் கழுவி முடித்தாள். நான் ஐஸ் கொண்டுபோயிருந்தேன், பார்த்தேன். ஒரு கேலிகூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

வியாழக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. தலைநகரிலிருந்து டெனிஸ் கல்வர் என்ற அதிகாரி வந்திருந்தார். குரலை உயர்த்தாத பெண்மணி, முன்னால் மேஜையில் கில்பர்ட்டின் படிவங்கள் அட்டைப்பெட்டி நிறைய. கில்பர்ட் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

“பதினோரு வருஷத்துல அம்பத்திரண்டாயிரம் குஞ்சு விட்டிருக்கோம்,” என்றார் கல்வர். “பிடிபட்டதா பதிவானது முப்பத்தொண்ணு. அந்த முப்பத்தொண்ணும் வெளியூர்க்காரங்க பிடிச்சது. இந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஒரு மீனும் பிடிச்சதில்ல. எனக்கே பாவமா இருந்தது.”

லவெர்ன் எழுந்தாள். அன்றைக்கு அவள் தலைசீவி, உதட்டுச்சாயம்கூடப் போட்டிருந்தாள்.

“மேடம், ஏரியில மீன் இருக்கு. நிறைய இருக்கு. நான் பிடிச்சிருக்கேன்.”

“உங்க பேரு?”

“லவெர்ன் ஹட்சல்.”

கல்வர் ஒரு தாளை எடுத்தார். “ஹட்சல். உங்களை நானூத்திப் பன்னெண்டு தடவை கேட்டிருக்காங்க. நானூத்திப் பன்னெண்டு தடவையும் சைபர். ஒரு தடவை, இந்த ஏரியில தண்ணி இருக்கான்னே எனக்குச் சந்தேகமா இருக்குன்னு சொல்லியிருக்கீங்க.”

கூடம் சிரித்தது. லவெர்ன் சிரிக்கவில்லை.

“அதெல்லாம் பொய்.”

“அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?”

“அப்பச் சொன்னதுதான். சத்தியமா.”

“வீடு போகப்போற சமயத்துல சொல்றீங்க, அதான் யோசிக்க வேண்டியிருக்கு,” என்றார் கல்வர். அதையும் மெதுவாகத்தான் சொன்னார். “சரி. வேற யாராவது பிடிச்சிருக்கீங்களா? கையைத் தூக்குங்க.”

லவெர்ன் திரும்பி எங்கள் எல்லாரையும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், வாயைத் திறக்காதே, அந்த இடம் நம் ரகசியம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். சொன்ன சொல் தவறக்கூடாதென்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். டூயி தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ்டர் கூரையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு கைகூட எழவில்லை.

கல்வர் தாளைப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு, “சனிக்கிழமை நானே வரேன் அம்மா. காலையில ஆறுலேருந்து பத்து வரைக்கும். பிடிச்சுக் காட்டுங்க” என்றார். லவெர்ன் தலையை ஆட்டிவிட்டு, காபி மேஜைப் பக்கம்கூடப் போகாமல் வெளியேறினாள்.

மறுநாள் அவள் கடைக்கு வந்தாள்.

“புழு குடு.”

“லவெர்ன், நேத்து நீ பாத்த பார்வையில நான் என்ன நினைச்சேன்னா…”

“உன்கிட்ட ஒண்ணும் கேக்கல ஆர்லிஸ். புழு மட்டும் குடு. நாற்காலி நல்லா வசதியா இருந்துச்சா நேத்து? பசை போட்ட மாதிரி உக்காந்திருந்தியே.”

கதவு மணி கிணுகிணுக்க அவள் போய்விட்டாள். நான் எவ்வளவு பெரிய மடையன் என்று புரிய எனக்கு அப்புறம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் கண்ணாலேயே கெஞ்சியிருக்கிறாள், நான் என் மீன்பிடி இடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைதான் எனக்கு வியாபாரம். அன்றைக்குக் கடையைப் பூட்டினேன். ஃப்ரீசரில் இருந்த டிரவுட் பொட்டலங்கள் அத்தனையையும் ஐஸ்பெட்டியில் அடுக்கினேன். எங்கள் பக்கத்தில் மீனைப் பையில் போட்டு மூடும்போது மேலே தேதியும் கிழமையும் எடையும் பேனாவால் எழுதிவிடுவோம், பழசை முதலில் தின்ன வேண்டும் என்பதற்காக. இதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. ஒரே ஒரு சங்கடம். ஒருவன் வீட்டில் இத்தனை டிரவுட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. என் பெட்டியில் இருந்தது அதைப்போல மூன்று மடங்கு. மீனைக் காட்டினால் என் உரிமம் போகலாம். தூண்டில் உரிமமே இல்லாத புழுக்கடைக்காரனை யார் மதிப்பார்கள்? போனால் போகட்டும் என்று கிளம்பினேன்.

ஏழரை மணிக்குத் திடலுக்குப் போனேன். பாம்புப் பலகை வாயிலில் இருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தாண்டி உள்ளே காலை வைத்தேன். நூறு அடி போயிருக்கமாட்டேன், முன்னால் டூயி ஸ்ட்ராட்டன் ஒரு ஐஸ்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான்.

“எங்கடா போற?” என்றேன்.

“பாம்பு பாக்க,” என்றான் டூயி. “நீ?”

“நானும்தான்.”

“பெட்டியில என்ன?”

“பாம்புக்குச் சாப்பாடு.”

இருவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தோம். பின்னால் காலடிச் சத்தம். பாஸ்டர் லின்ட்குவிஸ்ட், வியர்த்து வடிய, சக்கரம் வைத்த பெட்டியைக் கல்லிலும் மண்ணிலும் இழுத்துக்கொண்டு வந்தார். அவரிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

பாறையைத் தாண்டி வளைவில் இறங்கினால், அங்கே ஏற்கெனவே எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி. எல்லாரும் எல்லாரையும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மடக்கு நாற்காலியில் லவெர்ன். பக்கத்தில் கல்வர், கில்பர்ட். ஆறு மணியிலிருந்து அவள் பிடித்தது இரண்டே இரண்டு, அதுவும் விரல் நீளம்.

“ரெண்டு மீனை வச்சு ஒரு ஏரியைக் காப்பாத்த முடியாதும்மா,” என்று கல்வர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தார். “இவங்கல்லாம் யாரு?”

நான் முன்னால் போய், பெட்டியைத் திறந்து, பொட்டலங்களைப் பாறைமேல் அடுக்கினேன். “மேடம், நான் ஆர்லிஸ் பெக்கம். புழுக்கடை. வியாழக்கிழமை கையைத் தூக்கியிருக்கணும். தூக்கல. இதெல்லாம் இந்த இடத்துல நான் பிடிச்சது. தேதி போட்டிருக்கு.”

கல்வர் ஒரு பொட்டலத்தை எடுத்துப் படித்தார். “ஜூன் பதினாலு. கில்பர்ட், அன்னைக்கு இவர் என்ன சொன்னார்?”

கில்பர்ட் தாள்களைப் புரட்டினான். “சைபர், மேடம்.”

“ஜூலை அஞ்சு?”

“சைபர். கூடவே, மீன் பிடிக்கறதுக்குப் பதிலா தபால்தலை சேக்கலாம்னு இருக்கேன்னு சொன்னார்.”

அப்புறம் டூயி பெட்டியைத் திறந்தான். அப்புறம் மற்றவர்கள். பாறை முழுக்க உறைந்த டிரவுட் பரவியது. கல்வர் ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி படிக்கப் படிக்க, கில்பர்ட் சைபர், சைபர் என்று சொல்லிக்கொண்டே வந்தான். கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. பாஸ்டருடைய பொட்டலம் ஒன்றில் தேதியோடு நேரமும் எழுதியிருந்தது. ஈஸ்டர் ஞாயிறு, காலை எட்டரை. ஒன்பதரைக்கு அவருக்குப் பிரசங்கம்.

“சொல்லிக்கிற மாதிரி இல்லைன்னுதானே சொன்னேன்,” என்றார் பாஸ்டர் மெதுவாக.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொட்டலங்களின் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையது எல்லாம் புதன்கிழமை. டூயியுடையது எல்லாம் திங்கள். பாஸ்டருக்கு ஞாயிறு. இன்னொருவனுக்குச் செவ்வாய் மாலை. வாரத்தைக் கேக் மாதிரி வெட்டி எங்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறாள். இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவனிடமும் சொல்லியிருக்கிறாள். பாம்புப் பலகையைப் பார்த்து அவள் உள்ளே இருக்கிறாள் என்று நாங்கள் மரியாதையாக விலகிப்போன நாட்களிலெல்லாம் உள்ளே இருந்தது இன்னொரு மடையன். எனக்குக் கோபம் வந்தது, மூஞ்சியெல்லாம் சூடாகிவிட்டது. டூயி என்னைப் பார்த்தான். அவன் முகமும் அப்படித்தான் இருந்தது. அவனுக்கு இடம் காட்டியது எப்போது என்று கேட்டேன்.

“சுரங்கத்தை மூடின மாசம்,” என்றான்.

கல்வர் நிமிர்ந்தார். “உங்கள்ல முக்கால்வாசிப் பேரு வீட்டுல வச்சுக்கக்கூடிய அளவுக்கு மேல வச்சிருக்கீங்க. தெரியும்ல?”

“தெரியும்,” என்றேன். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

“தெரிஞ்சேதான் தூக்கிட்டு வந்தீங்களா?”

கில்பர்ட் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பாறைமேல் வைத்தான். அவன் முகம் நன்றாகச் சிவந்திருந்தது.

“மேடம், நானும் ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டு ஃப்ரீசர்ல… வெள்ளிக்கிழமை சாயங்காலம்…”

“வேண்டாம் கில்பர்ட்,” என்றார் கல்வர். “எனக்குக் காது சரியாக் கேக்கல. நீங்க பென்சிலை எடுங்க. மீனை எல்லாரும் உள்ள வைங்க, உருகுது. எண்ணிக்கை எனக்கு வேண்டாம்.” பிறகு லவெர்ன் பக்கம் திரும்பினார். “ஏரியில மீனுக்குப் பஞ்சம் இல்ல. உண்மைக்குத்தான் பஞ்சம். அதை நான் எப்படி எழுதறதுன்னு யோசிக்கணும்.”

என்னதான் எழுதினாரோ, அக்டோபர் கடைசியில் கடிதம் வந்தது. லாரி வழக்கம்போல வரும். திடல் திறந்திருக்கும். திடலைப் பார்த்துக்கொள்ள ஒன்றாம் எண் இடத்தில் ஆள் தங்கலாம். கடிதத்தை லவெர்ன் கழிவறைக் கதவில் அதே ஆணியில் மாட்டினாள்.

அன்று சாயங்காலம் நான் போனேன். அவள் டிரெய்லர் படியில் உட்கார்ந்து மிளகாய் போட்டு வேகவைத்த பீன்ஸ் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். நான் ஒரு மாதமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“எனக்கு மட்டும்தான்னு சொன்னியே, லவெர்ன்.”

“சொன்னேன்.”

“டூயிகிட்டயும் அதையேதான் சொல்லியிருக்க. பாஸ்டர்கிட்டயும். கில்பர்ட்டையும் சேத்துப் பன்னெண்டு பேருகிட்ட.”

“பதினாலு,” என்றாள். “ரெண்டு பேரு அன்னைக்கு வரல.”

“ஏன் பொய் சொன்ன?”

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நல்ல மீன்பிடி இடம் ஒண்ணு இருக்கு, எல்லாரும் போறாங்க, நீயும் போன்னு சொன்னா நீ அன்னைக்குக் கதவைத் திறந்திருப்பியா?”

திறந்திருக்கமாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“என் தப்பு என்னன்னா,” என்றாள், “வாயைத் திறக்காத ஆளுங்களாப் பாத்துப் பாத்துப் பிடிச்சது. அன்னைக்கு அந்த ஹால்ல நீங்க பதினாலு கட்டையும் உக்காந்திருந்தீங்களே. என் கை கால் எல்லாம் விட்டுப்போச்சு ஆர்லிஸ். ரெண்டாவது தடவை ரஸ்ஸல் போனப்பகூட எனக்கு அப்படி இல்ல.”

“மன்னிச்சுடு,” என்றேன்.

“சரி சரி, பீன்ஸ் ஆறுது.” கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள். “ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. இடத்தை எல்லாருக்கும்தான் குடுத்தேன். ஆனா வெயிலேறாம, ஊத்துத் தண்ணி சும்மா சில்லுன்னு இருக்கிற நேரம், காலைல ஆறு மணி. அதை உனக்கு மட்டும்தான் குடுத்தேன். அவனுங்ககிட்ட சொல்லிடாத.”

வாரத்தில் காலை ஆறு மணி ஏழு தடவை வருகிறது. டூயியைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவன் தினமும் ஐஸ் வாங்க என் கடைக்கு வருகிறான். ஐஸைக் கொடுக்கிறேன், அவன் வீட்டு நாயைப் பற்றிக் கேட்கிறேன், இதை மட்டும் இன்றுவரை அவனிடம் கேட்கவில்லை.